ஆட்டுக்குட்டியால் வந்த சண்டை
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



மாதத் தொடக்கத்தில் வரும் சம்பளம் பதினைந்தாம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது என்று சொல்லாத வீடு இன்று குறைவு. 2021 ஜனவரியில் சென்னையில் 710 ரூபாயாக இருந்த சமையல் எரிவாயு சிலிண்டர், 2023 மார்ச்சில் 1,118 ரூபாயானது. அதே ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. இந்த விலைகள் பிறகு ஓரளவு இறங்கின. ஆனால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் ஏறினால் ஏறியதுதான்.

விலை ஏறும்போது வீட்டில் குரலும் ஏறுகிறது. "கொடுத்த பணம் எங்கே போச்சு?" என்று ஒருவர் கேட்கிறார். "நீங்க கொடுக்கிறது எதுக்குப் பத்துது?" என்று மற்றவர் கேட்கிறார். பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

பணத்தால் மகிழ்ச்சி வராது என்று அரிசி இல்லாத வீட்டில் போய்ச் சொல்வது நற்செய்தி ஆகாது. பணம் வேண்டும். உழைப்பவரின் கூலி அவரும் அவர் குடும்பமும் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். வேலைக்கு ஆள் வைத்திருக்கும் நேயர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். உங்களிடம் வேலை செய்பவரின் வீட்டுச் சண்டையில் நீங்கள் தரும் கூலிக்கும் பங்கு உண்டு.

ஆனால் பணம் வந்தால் மட்டும் சண்டை ஓய்ந்துவிடுமா? இன்று தோபித்து நூலைத் திறந்து பார்ப்போம்.

தோபித்து நினிவே நகருக்கு நாடுகடத்தப்பட்டவர். ஒரு காலத்தில் அரசனுக்குப் பொருள்கள் வாங்கித் தரும் பெரிய பணியில் இருந்தவர். பிறகு சொத்தை இழந்தார், பார்வையையும் இழந்தார். அவருடைய மனைவி அன்னா நெசவு செய்து கூலி வாங்கிக் குடும்பத்தைத் தாங்கினார். ஒருநாள், அவருடைய உழைப்பை மெச்சிய முதலாளிகள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்பினார்கள். அது வீட்டுக்குள் வந்து கத்தியது. தோபித்து என்ன செய்தார்? திருடிய ஆடாக இருக்கும், திருப்பிக் கொடு என்றார். அன்னா உண்மையைச் சொல்லியும் நம்பவில்லை. மனம் நொந்த அன்னா, நீர் செய்த தான தருமமெல்லாம் எங்கே போயிற்று என்று திருப்பிக் கேட்டார்.

கவனியுங்கள், நேயர்களே. அன்று அந்த வீட்டில் வருமானம் குறையவில்லை, கூடியிருந்தது. இருந்தும் சண்டை வந்தது. மனைவி உழைப்பில் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்ற வலி அவருக்குள் இருந்திருக்கலாம். இவ்வளவு உழைத்தும் நம்பவில்லையே என்ற வலி அன்னாவுக்கு இருந்திருக்கும். அந்த வீட்டில் அன்று காணாமல் போனது நம்பிக்கை. அந்தத் துயரத்தில் தோபித்து தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் அழுதார். இன்று கடன் தொல்லையால் அதே இருட்டுக்குள் நிற்பவர்கள் நம் பங்கிலும் இருக்கலாம். கடவுள் தோபித்துக்குச் சாவைத் தரவில்லை. வழித்துணையாக இரபேலை அனுப்பினார்.

இந்தக் குடும்பத்திடம் நாம் மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, தீர்ப்பிடுமுன் கேளுங்கள். சொல்லும் பதிலை நம்புங்கள்.

இரண்டாவது, கணக்கை மறைக்காதீர்கள். பிறகு தோபித்து, மேதியா நாட்டில் கபேலிடம் தாம் ஒப்படைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியைப் பற்றி மகன் தோபியாவிடம் மனம் திறந்து சொன்னார். நம் வீடுகளில் கணவருக்குத் தெரியாமல் குழுக்கடன், மனைவிக்குத் தெரியாமல் செல்பேசிச் செயலியில் கடன், இருவரும் வெளியே சொல்லாமல் அடகு வைத்த சங்கிலி. பற்றாக்குறை குடும்பத்தைச் சோதிக்கிறது; மறைக்கப்பட்ட கடன் உடைக்கிறது. மாதத்தில் ஒருநாள், செபமாலை முடிந்தபின், வரவையும் கடனையும் ஒரே தாளில் எழுதி இருவரும் பாருங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் ஒளிந்து வாழ வேண்டாம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. பங்குத்தந்தையிடமோ அன்பியத்தாரிடமோ வாய்திறந்து சொல்லுங்கள்.

மூன்றாவது, எது பெரிது என்று முடிவு செய்யுங்கள். அந்த வெள்ளியை வாங்கிவர மகன் புறப்பட்டபோது அன்னா அழுதார். பணத்தோடு பணம் சேர்ப்பதைவிட மகன் பெரியவன், உள்ளதைக் கொண்டு வாழ்வோம் என்பது அவருடைய மன்றாட்டு. நாமோ புதுநன்மை விருந்துக்கும் வீட்டுத் திறப்புவிழாவுக்கும் ஊர் மெச்ச வட்டிக்கு வாங்கி, அதை அடைக்க இரவும் பகலும் ஓடி, யாருக்காக விருந்து வைத்தோமோ அந்தப் பிள்ளையோடு பேச நேரமின்றி நிற்கிறோம். எளிமையாக விருந்து வைத்தவரைக் குறைத்துப் பேசாமல் இருப்பதும் நாம் செய்யக்கூடிய ஒரு பிறரன்புப் பணியே.

தோபியா திரும்பி வந்தார். வெள்ளியும் வந்து சேர்ந்தது. ஆனால் அன்னா நாள்தோறும் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தது வெள்ளிக்காக அல்ல, மகனுக்காக.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, எங்கள் உழைப்புக்கு உரிய கூலியையும், அன்றாட உணவையும் தாரும். கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் அச்சமின்றி உண்மை பேசும் இல்லங்களாக எங்கள் இல்லங்களை ஆசீர்வதியும். கடனில் தவிப்போருக்கு எங்களையே வழித்துணையாக அனுப்பும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.