மலைக்குச் சாட்சி

மேற்கு மாம்பலத்திலிருந்து ஊட்டிக்கு டிக்கெட் போட்டிருப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

19ஆம் நூற்றாண்டில் ஊட்டியில் தொழில் நடத்திய புகைப்படக்காரர் ஏ.டி.டபிள்யூ. பென். தோடர்களையும் நீலகிரி மலைகளையும் நிறையப் படமெடுத்தவர். இன்று சீகையும் தைலமரமும் மூடியிருக்கும் சரிவுகள் பல, அந்தக் காலத்தில் திறந்த புல்வெளி. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுபவை அந்தப் புல்லும் சோலைக்காடும்தான். பழைய படம் இங்கே வெறும் அழகல்ல, மலை மாறியதற்குச் சான்று.

2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலை ரயிலை எல்லோரும் படமெடுக்கிறோம். கூடவே ஒரு சரிவையும் எடுங்கள். ஆடிச் சாரலிலோ, மார்கழி உறைபனியிலோ மறுபடி போனால், அதே இடத்தில் நின்று எடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்துவையுங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும். பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்!