ஊதியமும் இலாபமும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. மாதந்தோறும் வரும் சம்பளமே போதுமா, அல்லது சேமித்த பணத்தை முதலாகப் போட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா என்பதே அது. துணிவுள்ளவர் தொழில் செய்வார், துணிவற்றவர் உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பார் என்று சொல்லி இக்கேள்வியைச் சிலர் முடித்துவிடுவர். அவ்வளவில் முடியக்கூடிய கேள்வி இதுவன்று. குடும்பத்தின் சேமிப்பும், குழந்தைகளின் படிப்பும், மனைவியின் நகையும் இதில் அடங்கியிருப்பதால், நிதானமாகக் கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

இரு வழிகளுக்கும் நம்மவரிடையே முன்னோடிகள் உண்டு. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் பயின்று பம்பாய், கல்கத்தா, தில்லி நகரங்களின் அலுவலகங்களை நாடியோர் ஒரு சாரார். தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தோர் மற்றொரு சாரார். இருவகையினரும் உழைத்தே குடும்பத்தைக் காத்தனர்.

‘ஊதியம்’ என்ற சொல்லை இன்று சம்பளம் என்னும் பொருளில் ஆள்கிறோம். அரசாங்கக் கடிதங்களை மொழிபெயர்க்கையில் நானும் அவ்வாறே எழுதுகிறேன். திருக்குறளிலோ அச்சொல் இலாபத்தைக் குறிக்கின்றது. இவ்விரு பொருள்களையும் சேர்த்து நினைத்தால் தொழிலின் அடிப்படை விளங்கிவிடும். தொழில் செய்கிறவர் தம் உழைப்புக்குரிய சம்பளத்தைத் தமக்கே கொடுத்துக்கொண்ட பின்னர் எஞ்சுவது எதுவோ, அதுவே இலாபம். இதை மறந்தவர் நட்டத்தையே இலாபமென எண்ணி மகிழ்ந்திருக்க நேரும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தில்லியில் மாதம் 45,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவர், வேலையை விட்டு, 6 இலட்சம் ரூபாய் முதலீட்டில் இட்லி, தோசை மாவு விற்கும் கடை திறக்கிறார் என்க. மாத விற்பனை 2 இலட்சம் ரூபாய். அரிசி, உளுந்து, எண்ணெய் ஆகியவற்றுக்கு 95,000, வாடகை 30,000, வேலையாட்கள் இருவருக்கு 30,000, மின்சாரம் முதலிய சில்லறைச் செலவு 15,000. கையில் நிற்பது 30,000 ரூபாய். இதையே அவர் இலாபமென்கிறார்.

அது சரியான கணக்கு அன்று. அந்த 6 இலட்சம் வங்கியில் கிடந்திருந்தால் ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் மாதம் 3,500 ரூபாய் வந்திருக்கும். மாவரைக்கும் இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் தேய்வதற்கு மாதம் 2,000 ஒதுக்க வேண்டும். விடியுமுன் எழுந்து மாவரைக்கும் மனைவிக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அவ்வேலைக்கு ஆள் வைத்தால் 15,000 ஆகும். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 9,500 ரூபாய். முன்பு பெற்ற சம்பளத்தோடு ஒப்பிட்டால் மாதம் 35,500 ரூபாய் குறைவு. சம்பளத்தோடு கிடைத்துவந்த வருங்கால வைப்பு நிதி, விடுப்பு, மருத்துவ உதவி ஆகியவற்றை இதில் சேர்க்கவேயில்லை.

மறுபக்கத்தையும் காண்பது நியாயம். விற்பனை இருமடங்காகி 4 இலட்சத்தை எட்டினாலும் வாடகை அதே 30,000 தான். மூலப்பொருளுக்கு 1,90,000, ஆட்களுக்கு 60,000, சில்லறைச் செலவுக்கு 25,000 எனக் கொண்டால் 95,000 கையில் நிற்கும். முன்போலக் கழித்தபின் 74,500. எந்த அலுவலகமும் இரண்டு ஆண்டுகளில் சம்பளத்தை இவ்வாறு உயர்த்தாது. தொழிலின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. ஓய்வு பெறும் வயது இல்லை. இடமாற்ற உத்தரவு இல்லை. நால்வருக்கு வேலை கொடுத்தோம் என்ற நிறைவும் உண்டு. ஆனால் விற்பனை பாதியானாலும் வாடகை அதே 30,000 தான் என்பதை மறத்தலாகாது.

மதுரையில் 1911-ஆம் ஆண்டில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், அதற்குமுன் ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்தவர். உத்தியோகத்தை விட்டுத் தொழிலில் இறங்கிப் பெருகியோர்க்கு அவர் சான்று. 1906-இல் வ. உ. சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு உழைப்பிலும் ஊக்கத்திலும் குறைவில்லை. எனினும் பெருமுதல் படைத்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. தொழிலின் வெற்றி தோல்வி முழுவதும் நடத்துபவர் கையில் இல்லை என்பதற்கு இது சான்று.

ஆகையால் தோல்வி வந்தால் எவ்வளவு போகும் என்பதை முன்பே வரையறுத்தல் வேண்டும். தனி ஒருவர் பெயரில் நடக்கும் தொழிலின் கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையும், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் ஒருவர் கம்பெனியும், பொறுப்பைப் பொதுவாக முதலீட்டளவில் நிறுத்துகின்றன. ஆயினும் வங்கி தனிப்பட்ட உத்தரவாதம் கேட்டு, நீங்கள் கையொப்பமிட்டால், அந்த அளவுக்கு இக்காப்பு நீங்கிவிடும். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. பிணையில்லாத கடனும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனே.

வெளி மாநிலத்தில் இருப்போர்க்குச் சில தனி நிலைமைகள் உண்டு. சொந்த ஊரில் தலைமுறைப் பழக்கத்தால் மளிகைக்காரர் கடன் தருவார். இங்கே முதலாண்டில் ரொக்கமே பேசும். தமிழர் மட்டுமே வாங்கும் கடை தமிழர் தொகைக்குமேல் வளராது. ஆகவே அவ்வூர் மொழியைச் செவ்வனே கற்றல் முதலீட்டில் ஒரு பகுதி. பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் செய்து கொடுப்போர் பணம் தாமதமாவதால் நொடிப்பதுண்டு. குறு, சிறு தொழில்களாகப் பதிவு செய்துகொண்டோர்க்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டுமென 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. தவறினால் வட்டியும் கோரலாம். பதிவு செய்துகொள்ளுதல் இதற்காகவேனும் நலம்.

மத்திய அரசு ஊழியர்க்கு இன்னொன்று. 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15-ஆம் விதிப்படி, முன் அனுமதியின்றி நேரடியாகவோ மறைமுகமாகவோ வாணிகத்தில் ஈடுபடலாகாது. குடும்பத்தினர் தொழில் நடத்தினால் அதை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். மனைவி பெயரில் கடை, மாலையில் கணவன் கல்லாவில் என்னும் ஏற்பாடு வேலைக்கே கேடாகும்.

தொழில் தொடங்க நினைப்பவர் மனைவியோடு, அல்லது கணவனோடு, அமர்ந்து மூன்று செய்திகளைத் தாளில் எழுதட்டும். கடையிலிருந்து ஒரு காசும் வராவிட்டாலும் ஓராண்டு குடும்பம் நடத்தப் பணம் இருக்கிறதா? வீட்டில் உழைக்கும் ஒவ்வொருவர்க்கும் கணக்கில் எவ்வளவு சம்பளம்? எத்தனை ரூபாய் போனபின் கடையை மூடுவது? மூன்றாவது வினாவுக்குத் தொகையை எழுதியவர், அத்தொகை வந்த நாளில் நின்றுவிட வேண்டும். இம்மூன்றுக்கும் விடை எழுத முடிந்தவர் தயங்காது தொடங்கலாம். எழுத முடியாதவர் சம்பளத்திலேயே இன்னும் சில ஆண்டு சேமிப்பது நல்லது. அவ்வாறு காத்திருத்தலும் தொழிலுக்கு ஆயத்தமே.