நிலத்தடி நீருக்கு வேலி ஏது?

   

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழைதான் நமக்கு மகாவலி. அம்மழை செம்பாட்டு மண்ணினூடு இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்குகின்றது. உவர்நீரின்மேல் மிதக்கும் அந்த நன்னீரையே நம் முன்னோர் துலாவால் இறைத்தனர். நாம் இயந்திரத்தால் இறைக்கின்றோம். வெங்காயமும் புகையிலையும் அதனாலேயே விளைகின்றன. அடுப்பில் ஏறும் உலைநீரும் அதுவே. நமது வளவுகளுக்கு வேலி உண்டு. வேலி வழக்கிலே வளவையே தொலைத்தவரும் நம்மிடையே உண்டு! நிலத்தின்கீழ் ஓடும் நீருக்கு வேலி ஏது? ஓரிடத்திலே சிந்திய எண்ணெய் கல்வெடிப்பின் வழியே அயலுக்கெல்லாம் பங்காகிவிடுகின்றது.

சுன்னாகத்திலே நாம் கண்டது அதுவன்றோ? எண்ணெய் எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையங்களைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் மிதந்தது. 2013-2014இல் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவை மீறியிருந்தன. 2015இல் மக்கள் வீதிக்கு வந்தனர். ஒருபுறம் நிபுணர் குழு அபாயமில்லை என்றது. மறுபுறம் பவுசரிலே குடிநீர் வந்தது. எதனை நம்புவது? கிணற்றங்கரையிலே வாளியுடன் நின்ற தாய்க்கு விடை கூறுவார் இல்லை.

2019 ஏப்ரலிலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியின்படி, தனியார் மின் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு கட்டளை பிறந்தது. அத்தீர்ப்பை நாம் போற்றுகின்றோம். ஆயினும் நட்டஈடு என்பது நட்டம் வந்தபின் வருவது.

நாம் மின்சாரத்துக்குப் பகைவரல்லர். நமது நீரிறைக்கும் இயந்திரங்களே அதனால்தான் ஓடுகின்றன. எண்ணெய்த் தாங்கியோ, குழாயோ, சுத்திகரிப்பு ஆலையோ எதுவாயினும், மனைகளும் கிணறுகளும் நெருங்கிய இடத்திலே அதனை வைப்பதற்கு முன்னர் எம்மைக் கேட்டீர்களா என்பதே நமது வினா.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததையும் நோக்குங்கள். 2017 ஜூன் 30ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலிலே எண்ணெய் பரந்தது. உழவர் எதிர்த்து நின்றனர், சிறையும் கண்டனர். காவிரிப் படுகையிலே பல்லாண்டு எழுந்த இத்தகைய எதிர்ப்புகளின் பின்னரே, 2020இல் தமிழ்நாட்டு அரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றிற்று. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் அங்கே தடுக்கப்பட்டன. முன்பே தோண்டிய கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும். முந்திக்கொண்டவன் தப்பினான்! அதனாலேயே நாம் பிந்தலாகாது என்கின்றோம்.

வலிகாமத்தின் நிலத்தடி நீருக்கும் அத்தகைய சட்டக் காவல் வேண்டும். எண்ணெய்த் தொழில் எதற்கும் அனுமதி வழங்குமுன் சுற்றாடல் அறிக்கை தமிழிலே கிராமந்தோறும் வைக்கப்பட வேண்டும். கிணற்றுச் சோதனை முடிவு கிணற்றுக்காரரின் கைக்கு வரவேண்டும். சட்டத்தரணிகள் வரைவை எழுதட்டும். இரசாயனம் கற்றோர் ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், நீரைச் சோதிக்க முன்வரட்டும். தோட்டக்காரர் தத்தம் கிணற்றின் ஆழத்தையும் நீரின் நிலையையும் இன்றே கொப்பியிலே எழுதத் தொடங்கட்டும். நாளை நீதிமன்றம் சான்று கேட்கும்போது அக்கொப்பியை நாம் நீட்டுவோம்.