கேட்கும் பயிற்சியும் பார்க்கும் பயிற்சியும்



ஆசிரியர் பயிற்சியிலும் இணையவழிக் கற்றலிலும் மின்னணுத் தொழில்நுட்பம் என்ற பொருளில் இரண்டு நாள் பேச இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரு செயலியையோ தளத்தையோ எடுத்துக்கொண்டு, அதை எத்தனை ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள், அதன்பால் அவர்களுடைய மனப்பான்மை என்ன என்று அளக்கின்றன. அளக்கட்டும். தலைமை உரைக்கு உள்ள சலுகையைக் கொண்டு, அதற்கும் முந்தைய கேள்வி ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் தொழில்நுட்பம் எதற்கு? ஆசிரியருக்குப் பாடம் சொல்லவா, ஆசிரியர் தம் பாடத்தைத் தாமே பார்க்கவா? ஐம்பது ஆண்டுகளாக முதலாவதற்கே பணத்தையும் உழைப்பையும் கொட்டிவந்திருக்கிறோம். வகுப்பறையை மாற்றக்கூடியது இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

முதல் வழியின் வரலாறு 1975 ஆகஸ்டில் தொடங்குகிறது. நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கொண்டுபோனது. ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையில் சுமார் 50 ஆயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிக்கப் பயிற்சி பெற்றார்கள். இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி, அந்தப் பயிற்சி தொலைக்காட்சிப் பெட்டியை மட்டும் நம்பவில்லை என்பது. கூடவே வானொலி நிகழ்ச்சி இருந்தது, அச்சிட்ட கையேடு இருந்தது, ஆசிரியர்கள் கூடிப் பேசவும் செய்துபார்க்கவும் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே உருவான முதல் இந்தியச் செயற்கைக்கோளான எடுசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, ஆசிரியர்களுக்கான தீக்ஷா இணையத் தளம் வந்தது. பயிற்சி பெறாமல் பணியில் இருந்த தொடக்கநிலை ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற்றாக வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதையொட்டி 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பட்டயப் படிப்பில் சேர்ந்தார்கள்; ஸ்வயம் தளம் வழியாகப் பாடம் கேட்டார்கள். 42 லட்சம் ஆசிரியர்களை இலக்காகக் கொண்டு 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்டா, கொரோனா வந்த பிறகு 2020இல் தீக்ஷாவுக்குக் குடிபெயர்ந்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் கேட்பவர் கூட்டம் பெருகியிருக்கிறது. இதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என்று பயிற்சி படிப்படியாக இறங்கும்போது சரக்கு நீர்த்துப்போகும் என்பது நம் பழைய குறை. இணையத்தில் அந்தக் குறை இல்லை. கூடலூர் ஆசிரியருக்கும் திருவாடானை ஆசிரியருக்கும் அதே காணொளி, அதே விளக்கம். ஆனால் கூட்டம் பெருகப் பெருக, 1975இல் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பேச்சும் செய்துபார்த்தலும் கழன்று விழுந்துவிட்டன.

இணையப் பயிற்சியின் ஒரு தொகுதி எப்படி முடிகிறது என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைப்பேசியில் காணொளி ஓடுகிறது; மேசையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு கிடக்கிறது. காணொளியைத் தள்ளிவிட முடியாதென்றால் ஒலியைக் குறைத்துவிட்டுத் திருத்துகிறோம். கடைசியில் பலவுள் தெரிவு வினாக்கள். அவற்றின் விடைகள் அதற்குள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். சான்றிதழ் இறங்கியதும் அதைப் படமெடுத்துப் பள்ளிக் குழுவில் போட்டாக வேண்டும். முடித்தவர் பட்டியல் மாலைக்குள் மேலே போக வேண்டும். ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. சான்றிதழைக் கேட்கிற ஏற்பாட்டுக்குச் சான்றிதழ்தான் கிடைக்கும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் தனி விவாதம். மணிக்கணக்கு சொல்லும் எந்தக் கொள்கையிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அத்தனை மணி நேரமும் முடிந்தபின், மறுநாள் காலை முதல் பாடவேளையில் என்ன மாறியது?

இனி இரண்டாவது வழி. 1963இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடன் பணியாற்றியவர்களும் நுண்ணிலைக் கற்பித்தலை உருவாக்கினார்கள். சில நிமிடப் பாடம், சில மாணவர்கள், ஒரே ஒரு கற்பித்தல் திறன். பாடத்தை ஒளிப்பதிவு செய்து, பயிற்சி ஆசிரியரையே பார்க்கவைத்து, மறுபடி நடத்தச் சொல்வதுதான் அதன் உயிர்நாடி. இங்கே அது வந்தபோது ஒளிப்பதிவுக் கருவி நமக்கு எட்டாக்கனியாக இருந்தது. அதனால் என்.சி.இ.ஆர்.டி.யும் பரோடா பல்கலைக்கழகமும் அமைத்த இந்திய முறையில் கருவியின் இடத்தைச் சக மாணவரின் உற்றுநோக்கல் படிவம் எடுத்துக்கொண்டது. கற்பிக்க 6 நிமிடம், கருத்துரைக்கு 6, மறுதிட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறு கருத்துரைக்கு 6; ஆக 36 நிமிடச் சுற்று. அன்றைய வறுமைக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. இன்று பி.எட். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. இருந்தும் பல கல்லூரிகளில் அந்தப் படிவத்தை நிரப்பி, பதிவேட்டில் ஒட்டி, கையொப்பம் வாங்குவதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

அந்த 36 நிமிடத்தில் கைப்பேசியைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஒரு மாணவி கிளர்வினா கேட்கும் திறனைப் பயில்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடம், பின்னங்களின் கூட்டல். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் என்ன என்று கேட்கிறார். மாணவராக நடிக்கும் தோழி, குழந்தைகள் வழக்கமாகச் சொல்வதைப் போல, ‘ஐந்தில் இரண்டு’ என்கிறார். இவர் உடனே, ‘தவறு, முதலில் பகுதியைச் சமமாக்க வேண்டும்’ என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறார். படிவத்தில் தோழிகள் நல்ல மதிப்பெண் போட்டுவிடுவார்கள், நட்பு அப்படி. கைப்பேசி நட்புப் பாராட்டாது. பதிவை ஓட்டிப் பார்க்கும்போது, வினாவைக் கேட்ட பிறகு ஒரு விநாடிகூடத் தாம் பொறுக்கவில்லை என்பதை மாணவி தம் கண்ணாலேயே காண்கிறார். அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களில் கண்டதும் இதுதான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது குழந்தைகளின் விடைகள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

மறுபடி நடத்தும்போது மாணவி பொறுக்கிறார். ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று கேட்கிறார். ‘மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து’ என்று பதில் வருகிறது. ‘சரி, ஐந்தில் இரண்டு பெரிதா, அரை பெரிதா?’ ‘அரைதான்.’ ‘அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது எப்படி அரையைவிடக் குறைந்தது?’ பாடம் பிறப்பது அந்த இடத்தில்தான். லீ ஷுல்மன் 1986இல் பாடப்பொருளறிவும் கற்பித்தலறிவும் கலந்த தனி அறிவைப் பற்றி எழுதினார். 2006இல் மிஸ்ராவும் கோஹ்லரும் அதில் தொழில்நுட்ப அறிவையும் சேர்த்தார்கள். இந்தக் கருத்தரங்கின் கட்டுரைகள் பலவும் அந்தச் சட்டகத்தை மேற்கோள் காட்டுகின்றன. மேலே சொன்ன ஆறு நிமிடத்தில் மூன்றும் இருக்கின்றன. தொழில்நுட்பத்தின் பங்கு அதில் மிகச் சிறியது. ஆனால் அது இல்லாமல் அந்த ஒரு விநாடி கண்ணில் பட்டிருக்காது.

பார்த்துக் கற்பது தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் புதிதன்று. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அதன் நிறைகுறைகளைப் பற்றி ஆயிரம் பேசலாம். ஆனால் அதைப் பரப்பியதில் சுற்றறிக்கையைவிட, நடக்கிற வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்த ஆசிரியர்களுக்கே பங்கு அதிகம். அப்படிப் போய்வருவதற்குப் பேருந்துக் கட்டணமும் பணிவிடுப்பு ஆணையும் வேண்டியிருந்தன. இன்று ஒரு குறுவளமையத்தின் ஆசிரியர்கள் தங்களுக்குள் பத்து நிமிடப் பாடப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இதில் மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது, பதிவு யாருக்குச் சொந்தம் என்பது. பாடப்பதிவு ஆசிரியருடையது, அவர் விரும்பினால் மட்டுமே வெளியே போக வேண்டும். அது ஆய்வு அலுவலரின் கோப்புக்குப் போகும் என்று தெரிந்த அன்றே ஆசிரியர்கள் ஒத்திகை பார்த்த நாடகத்தைப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். குழந்தைகளின் முகமும் அப்படித்தான். கேமரா ஆசிரியரைப் பார்க்கட்டும். ஒலிப்பதிவே போதும் என்றால் ஒலிப்பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, வசதி. 2023-24ஆம் ஆண்டு யுடைஸ் பிளஸ் அறிக்கையின்படி, அந்த ஆண்டு இணைய வசதி இருந்த இந்தியப் பள்ளிகள் 53.9 சதவீதம்தான். பல ஆசிரியர்கள் சொந்தக் கைப்பேசியில், சொந்தச் செலவில், வருகைப் பதிவிலிருந்து நலத்திட்டப் பட்டியல் வரை பதிவேற்றிவிட்டு, இரவுச் சமையலை முடித்த பிறகு பயிற்சிக் காணொளியைத் திறக்கிறார்கள். பெண் ஆசிரியர்களின் மாலை நேரத்தைக் கணக்கில் கொள்ளாத எந்தப் பயிற்சித் திட்டமும் காகிதத்தில்தான் வெற்றி பெறும். பயிற்சிக்கான நேரம் பள்ளி நேரத்துக்குள் வர வேண்டும். புதிதாக ஒரு பதிவேற்றத்தைக் கேட்கும் துறை, பழையதில் ஒன்றைக் கைவிட வேண்டும்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. ஐந்து படிநிலைப் பாடக்குறிப்பை நல்ல தமிழில் ஒரு நிமிடத்தில் அது எழுதிக் கொடுத்துவிடுகிறது. பாடக்குறிப்பு நோட்டுக்கு மதிப்பெண் போடும் நம் வழக்கத்துக்கு அத்தோடு பொருளில்லாமல் போய்விட்டது. இதற்கு வருந்த வேண்டியதில்லை. என்.சி.டி.இ.யின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளால் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது, தகவல் தொழில்நுட்பத்தைத் திறனாய்ந்து புரிந்துகொள்ளும் ஒரு தாளும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அந்தத் தாளில் நழுவம் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தால் போதாது. கருவி எழுதித் தந்த பாடக்குறிப்பை வகுப்பில் நடத்திப் பார், எங்கே குழந்தைகள் தடுக்கி விழுந்தார்கள் என்று பதிவிலிருந்து காட்டு, திருத்தி மறுபடி நடத்து. மதிப்பெண் அதற்கு.

கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஆய்வு எந்தத் தளத்தைப் பற்றியதாக இருந்தாலும், அதைப் பயன்படுத்திய ஆசிரியர் ஒருவரின் ஒரு பாடவேளையையாவது எங்களுக்குக் காட்டுங்கள். பயிற்சிக்கு முன் அவர் எப்படி வினாக் கேட்டார், பின் எப்படிக் கேட்டார் என்று சொல்லுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மனப்பான்மை அளவுகோலின் சராசரியைவிட அது எங்களுக்குப் பயன்படும்.

நாளை நிறைவு அமர்வில் தீர்மானங்கள் நிறைவேற்றப்படும் என்று நிகழ்ச்சி நிரல் சொல்கிறது. தீர்மானம் நீளமாக இருக்க வேண்டாம். இங்கே வந்திருக்கும் கல்லூரிகள் இந்தப் பருவத்திலேயே ஒவ்வொரு பி.எட். மாணவருக்கும் பதிவோடு கூடிய ஒரு 36 நிமிடச் சுற்றையாவது முழுமையாக நடத்துவது என்று முடிவு செய்தால் போதும். அரசாணைக்கோ நிதி ஒதுக்கீட்டுக்கோ புதிய செயலிக்கோ காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிவுகளிலிருந்து நாம் கண்டதைப் பேசுவோம்.

இக்கருத்தரங்கைத் தொடங்கிவைப்பதில் மகிழ்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.