தறியும் இணையமும்



"தறிக்கூலியை நம்பி வாழவியலாது, இனி இணையத்தில் ஈட்டுவேன்" என்றான் என் பழைய மாணவன். அவன் சினத்தில் நேர்மை உண்டு. பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் நாளெல்லாம் மிதித்தும், விற்பனை வருவாய் பிறர்க்கன்றோ செல்கிறது!

ஆயினும் இணையம் ஓர் அங்காடித் தெரு. அத்தெருவில் விற்கப் பொருள் வேண்டாவோ? கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் இணைத்து நெய்ய இருவர் கைகள் இயங்கவேண்டும். அக்கையறிவு அற்றுப்போனால், 2005ஆம் ஆண்டு காஞ்சிப் பட்டு பெற்ற புவிசார் குறியீடு வெறுந்தாளே. விசைத்தறித் துணியை நம் ஊர்ப்பெயரால் விற்போர்க்கே இணையம் பயன்படும்.

இளைஞர்களே! தறியை விற்றுக் கைபேசி வாங்காதீர். நெய்த சேலையைக் கைபேசிவழி விற்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூட்டுறவாய்ச் சேர்ந்து, நெய்தவர் பெயர் பொறித்து விற்பனை செய்யுங்கள்.

உரிய கூலி தராது மரபைப் போற்றும் முதலாளிகளே! வெறும் புகழுரையால் உலை கொதிக்காது!