நம் பள்ளியை எதைக் கொண்டு எடை போடுவது?



நம் பட்டாபிராம் வட்டாரத்து அரசுப் பள்ளிகள் எப்படி இருக்கின்றன என்பதைப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். வருடா வருடம் மே மாதம் இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் வந்துவிடுகிறது. 2025 மே மாத பிளஸ் டூ முடிவில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.94. அந்த வாரமே சென்னை–திருவள்ளூர் சி.டி.எச். சாலை நெடுகிலும் தனியார் பள்ளிகளின் ஃபிளெக்ஸ் எழும்பும். "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு அப்பா தன் மனைவியின் நகையை அடகு வைத்துப் பிள்ளையின் டி.சி.யை வாங்கப் போகிறார். சில சதவீத வித்தியாசத்தை நம்பிக் குடும்பம் கடன்படுகிறது. அதனால் இந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நம் கடமை.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பில் 120 பிள்ளைகள். முதல் பள்ளி, தேறமாட்டார்கள் என்று தோன்றிய 20 பேரைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே கழித்துவிடுகிறது. மீதி 100 பேர் எழுதி, 95 பேர் தேறுகிறார்கள். தேர்ச்சி 95 சதவீதம். இரண்டாவது பள்ளி யாரையும் தள்ளவில்லை. இரண்டு பேர் ஊரை விட்டுப் போய்விட, 118 பேர் எழுதி, 104 பேர் தேறுகிறார்கள். தேர்ச்சி 88 சதவீதம். நாளிதழில் முதல் பள்ளிக்குப் பாராட்டு வரும். இரண்டாவது பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஆனால் 95 பெரிதா, 104 பெரிதா? சொல்லுங்கள்!

கழிப்பது எப்படி நடக்கிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும், பெற்றோர்களுக்கும் தெரியட்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. முதன்முதலாக "ஃபெயில்" என்ற சொல் ஒரு பிள்ளையின் மேல் விழக்கூடிய இடம் ஒன்பதாம் வகுப்புதான். அங்கே அப்பாவைக் கூப்பிட்டு, "பையன் பத்தாவது தாண்டமாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. "தனித்தேர்வராக எழுதிக்கொள்" என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. தனித்தேர்வரின் தோல்வி எந்தப் பள்ளியின் கணக்கிலும் ஏறாது. தேர்வெழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் பெயர் இல்லையென்றால் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை என்பதுபோல் சதவீதம் மட்டும் பளபளக்கும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பார்க்காமல் சொல்கிறேன்: எங்கே இது நடந்தாலும் அநியாயம்.

2023 மார்ச்சில் நடந்ததை மறந்துவிட வேண்டாம். பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுவதும் 50 ஆயிரம் பேருக்கு மேல் தேர்வறைக்கு வரவில்லை. தாய்மொழித் தேர்வுக்கு! கொரோனாவால் 2021-இல் பொதுத்தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்பு தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்ட அணி அது. எப்போதோ பள்ளியை விட்டுப் போனவர்களின் பெயர்கள் பதிவேட்டில் மட்டும் உட்கார்ந்திருந்தன. அந்த ஆண்டு மாநிலத் தேர்ச்சி எவ்வளவு? 94.03 சதவீதம். வராதவர்கள் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். எழுதியவர்களில் தேறியவர்களைத்தான் சதவீதமாகச் சொல்கிறோம்.

இந்த எண் மோகத்தைக் குறைக்க நம் அரசு சில நல்ல முடிவுகளையும் எடுத்திருக்கிறது. 2017-இல் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயரும் படமும் போட்டு அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். அதற்கு முன்பெல்லாம் பிளஸ் டூவில் 1200-க்கு எத்தனை என்பதே ஒரு பிள்ளையின் அடையாளமாக இருந்தது. பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் 2017–18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறையட்டும், மகிழ்ச்சி. ஆனால் பழைய உருப்போடும் வித்தை திரும்பி வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும் என்பதையும் இந்த மேடையில் சொல்லிவைக்கிறேன்.

சரி, நம் பள்ளிகளில் படிப்பவர்கள் யார்? தண்டுரையிலிருந்தும் சேக்காட்டிலிருந்தும் மிட்டனமல்லியிலிருந்தும் வருகிற பிள்ளைகள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, மாலையில் ஒரு கடையில் நிற்கிறார். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சீசன் முடிந்தால் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. இந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் யாரும் பத்தாம் வகுப்பு எழுதியதில்லை.

இந்தக் குடும்பச் சூழல் எவ்வளவு முக்கியம் என்று ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞர் தலைமையில் ஏறக்குறைய 4,000 பள்ளிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளையின் மதிப்பெண்ணை நிர்ணயிப்பதில் பள்ளியின் கட்டடத்தையும் செலவையும் விடக் குடும்பச் சூழலுக்குப் பங்கு அதிகம் என்று அது சொன்னது. அப்படியானால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் நாம் வீட்டைத்தான் அளக்கிறோம், பள்ளியை அளக்கவில்லை. இங்கிலாந்தில் பல ஆண்டுகள் பள்ளிகளை மதிப்பெண் வரிசையில் அடுக்கிப் பார்த்துவிட்டு, 2016-இல் வேறு அளவுகோலுக்கு வந்தார்கள். பதினொரு வயதில் ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்டு, பதினாறு வயதுக்குள் எந்தப் பள்ளி எவ்வளவு தூரம் முன்னேற்றியது என்று பார்க்கத் தொடங்கினார்கள். எங்கே ஆரம்பித்தான், எங்கே வந்து சேர்ந்தான்: இதுதான் பள்ளியின் உழைப்பு.

இந்த இடத்தில் அரசுப் பள்ளிக்காரர்களாகிய நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "ஏழைப் பிள்ளைகள், இவ்வளவுதான் வரும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இந்த ஆராய்ச்சி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை விடப் பெரிய துரோகம் எதுவும் கிடையாது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை, கழித்தலும் வகுத்தலும் தெரியவில்லை என்றால் அதை மூடிமறைக்காமல் சொல்ல வேண்டும். 2025–26-இல் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளுக்காகத் "திறன்" என்று ஒரு திட்டத்தை அரசே தொடங்கியிருக்கிறது. குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அப்படி ஒரு திட்டம் வரும். அதை நான் வரவேற்கிறேன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. நம் பள்ளியிலிருந்து எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று இங்கே இருக்கும் எத்தனை பெற்றோர் கேட்டிருக்கிறோம்?

இன்னொன்று, நம் ஆண் பிள்ளைகள். 2025 பிளஸ் டூவில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16. ஆண்டுதோறும் இதே கதை. பதினாறு வயதுப் பையனுக்கு நாள் கூலி கிடைக்கும் வட்டாரம் நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்குப் போகிறவன், மூன்று மாதத்தில் வெள்ளிக்கிழமையும் போகிறான். முதலில் வருகைப் பதிவேட்டில்தான் அது தெரியும். மதிப்பெண் பட்டியலில் தெரியும்போது காலம் கடந்துவிடும்.

அடுத்து, பிளஸ் டூவுக்குப் பிறகு எங்கே போகிறார்கள்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் அது விரிந்தது. மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன்: உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். கதவு திறந்திருக்கிறது. நம் பள்ளியிலிருந்து எத்தனை பேர் உள்ளே போனார்கள்? 1969 முதல் நம் பட்டாபிராமிலேயே இந்துக் கல்லூரி இருக்கிறது. அதன் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. 2024 நவம்பரில் 330 கோடி ரூபாயில் 21 மாடி டைடல் பூங்கா இங்கே திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தில் நம் பிள்ளைகள் கணினியின் முன் உட்காரப் போகிறார்களா, அல்லது தரை துடைக்கவும் காவல் காக்கவும் மட்டும் போகப் போகிறார்களா? எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் எந்த வேலை என்பதைப் பிறந்த வீடு முடிவு செய்யக்கூடாது. இதே கனவோடுதான் 1955 ஜனவரியில் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அப்போது முதலமைச்சராக இருந்த காமராஜர் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதியச் சோறு போட்டார். எழுபது ஆண்டு ஆகிவிட்டது. தீர்மானம் போட்ட ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நாம்தான் முதலில் கணக்குக் கேட்க வேண்டியவர்கள்.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம்தான் என் வேண்டுகோள். கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். ஒரு வேளைக் கூலி போனாலும் வாருங்கள். தேர்ச்சிச் சதவீதத்தைக் கேட்பதற்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர், நடுவில் காணாமல் போனவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். போன ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களில் கல்லூரியில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. பதில் சொல்ல முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். காணாமல் போன பிள்ளையின் வீடு உங்கள் தெருவில்தான் இருக்கும். அந்த வீட்டுக்குப் போய், ஜூன் மாதத்துக்குள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.