இடர் வரினும் தொடர்வோம்

(நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

    

வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். ஆயினும் மகிழ்ச்சியை மட்டும் பேசிக் கலைந்துவிடுதல் நமக்குத் தகாது. தேர்வில் தவறிய பிள்ளை, பட்டம் பெற்றும் வேலை கிட்டாத இளைஞன், தந்தை நோயுற்றமையால் படிப்பை நிறுத்திய மகள் ஆகியோரும் இந்த அவையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை முன்னிறுத்தியே, துன்பத்தில் துவளாமை என்னும் பொருள் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

உள்ள உறுதி என்றவுடன் கல்லைப் போன்ற நெஞ்சம் எனப் பலர் எண்ணுகின்றனர். அழக்கூடாது, உதவி கேட்கக்கூடாது, ஓரடியும் பின்வைக்கக்கூடாது என்று இளைஞர்க்குக் கற்பிக்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. நின்றுபோன பணியை மீண்டும் எடுத்துத் தொடரும் ஆற்றலே உறுதி. அது பிறவியில் வருவதன்று, பழக்கத்தால் வருவது. தனியொருவர் முயற்சியால் மட்டும் நிலைப்பதும் அன்று.

குற்றாலத்தை அடுத்து வாழும் நமக்கு அருவியே இதனைக் கற்பிக்கிறது. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, மலைமேல் பெய்த மழை வெள்ளமாய் இறங்கிவிடும். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் எவரும் எதிர்பாராத நேரத்தில் வந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. அத்துயரம் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும்போது, எத்தகைய வலிமையுடையவனும் விலகியே நிற்கிறான். அவனைக் கோழை என்று நாம் சொல்வதில்லை. வெள்ளம் தணிந்தபின் மீண்டும் செல்கிறான். விலகி நிற்பது தோல்வியன்று. திரும்பிச் செல்ல மறந்துவிடுவதே தோல்வி.

இதற்குச் சான்றாக நம் முன்னோருள் ஒருவரை நினைவூட்டுகிறோம். அவரே இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். கோவையில் மாணவராய் இருந்த நாளில், தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் உடன்பயின்றோருடன் நெருங்கிப் பழகாமல் ஒதுங்கியே இருந்ததை, 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் பதிவு செய்துள்ளார். இன்றும் பெரிய கல்லூரியின் விடுதியில் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த அச்சம் புதியதன்று. அச்சத்தோடு படித்த அந்த மாணவர்தாம், 1893இல் "பறையன்" என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ, அந்தச் சொல்லையே முகப்பில் அச்சிட்டு வெளியிட்டார். 1896இல் இதழ்மீது வழக்கு வந்தது. 100 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. இதழ் நிற்கவில்லை, 1900 வரை வெளிவந்தது.

அவ்வாண்டில் நம் மக்களின் குறைகளை இங்கிலாந்தில் எடுத்துரைக்க எண்ணி அவர் இலண்டனுக்குப் புறப்பட்டார். பயணம் இடையிலேயே நின்றது. ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்து, பின்னர் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்தன. "எல்லாம் முடிந்தது" என்று வேறொருவர் அமைந்திருப்பார். அவரோ 1921இல் தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை நம் மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். 1930இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். 1900இல் புறப்பட்ட பயணம் 1930இல் முடிவுற்றது! ஓராண்டு வீணாயிற்று என்று கலங்கும் இளைஞர்கள் இந்த முப்பது ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் இத்தகைய இடைமுறிவு உண்டு. 1917இல் உதவித்தொகை முடிந்தமையால் அவர் இலண்டன் படிப்பை விட்டுத் திரும்பினார். தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள் போர்க்காலத் தாக்குதலில் கடலில் மூழ்கின. பரோடாவில் பெரும் பதவி கிடைத்தும் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். ஆனால் இலண்டனை விட்டு வருமுன்பே, நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பெற்றிருந்தார். கதவைச் சாத்திவிட்டு வரவில்லை, திறந்துவைத்துவிட்டு வந்தார். 1918 முதல் பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்தார். நண்பர் நவல் பாதேனாவிடம் கடன் பெற்றார். கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியையும் ஏற்றார். குறைந்த பணத்தில் குடும்பத்தைத் தாங்கினார் அன்னை இரமாபாய். 1920இல் மீண்டும் இலண்டன் சென்றவர், 1923இல் டி.எஸ்.சி. பட்டம் பெற்றார். உதவி பெற்றமையால் அவர் புகழ் குன்றிற்றா? இல்லை.

நம் தாய்மார்களிடமும் இப்பாடம் உண்டு. மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் தாய்க்கு, இலையும் தூளும் வராத நாளில் கூலி இல்லை. அந்த நிலையற்ற வருவாயிலும் அவள் குழுவில் சிறு தொகையைச் சேர்த்து வைக்கிறாள். ஆயிரம் பீடியும் ஒரே மூச்சில் உருவாவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் உருவாகின்றன. உறுதியும் அவ்வாறே நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வதாகும்.

ஆகவே இளைஞர்களே, சில கடமைகளைக் கூறுகிறோம். படிப்பை நிறுத்த நேரின், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஆசிரியரிடம் கூறி, சான்றிதழ்களைப் பெற்று, திரும்பும் வழியைக் கேட்டறிந்து வெளியேறுங்கள். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ தவறினால், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நம் மாணவர்க்கான உயர்கல்வி உதவித்தொகை 1944 முதல் இருந்துவருகிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கிடைக்க வழிசெய்தது 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டம். இவை பிச்சையல்ல, போராடிப் பெற்ற உரிமைகள். விண்ணப்பிக்க நாணாதீர்கள்.

உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் எழுமாயின், அதனை ஓரிரவும் தனியே சுமக்காதீர்கள். தாயிடமோ, தோழனிடமோ, ஆசிரியரிடமோ உடனே கூறுங்கள். 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசகர்கள் கட்டணமின்றிப் பேசுகின்றனர். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் நாணம் இல்லை. மனத்துன்பத்திற்கு நாடுவதிலும் நாணம் வேண்டா.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மதிப்பெண் பட்டியல் வந்த நாளில், "ஊரார் என்ன சொல்வர்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று முதலில் கேளுங்கள்.

சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். பட்டம் பெற்றோர் பட்டியலை இந்த மலரில் பெருமையுடன் அச்சிடுகிறோம், நன்று. அதனோடு, இடையில் படிப்பை நிறுத்தியவர்களின் பெயரேடு ஒன்றையும் தொடங்குவோம். அதனை அச்சிட வேண்டா. நம் கையில் இருந்தால் போதும். ஒவ்வோர் உறுப்பினரும் அதில் ஒரு பெயரை ஏற்று, மாதம் ஒருமுறை அந்த இல்லத்திற்குச் சென்று வருவோம். கட்டணமோ, விண்ணப்பமோ, வெறும் ஆறுதலோ, எது தேவையோ அதைச் செய்வோம். ஒருவர் திரும்பிப் பள்ளி சேர்ந்தால் அப்பெயரின் எதிரே ஒரு குறியிடுவோம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கத்தின் உறுதியை அந்தக் குறிகளே எடுத்துக்காட்டட்டும்.

துன்பம் வராது என்று நாம் வாக்களிக்க இயலாது. வரும்போது நீங்கள் தனித்து நிற்கமாட்டீர்கள் என்று வாக்களிக்க இயலும். அந்த வாக்கைக் காப்போம்.

ஜெய் பீம்!